பொன்னுத்தாய் பேரப்பிள்ளைகள் குரூப்: கணேசன் இருமல்

வசந்தி அத்தை: முருகேசா, உன் புது வீட்டுப் பக்கம் போயிருந்தேன். அடுப்படி மேடைக்குக் கல் வெட்டுகிறார்கள். தெரு முழுக்க வெள்ளைப் புகை. கல் வெட்டுகிற நம் கணேசன் வாசல்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருந்தான். பேச்சே வரவில்லை. யாராவது என்னவென்று பாருங்கள்.

முருகேசன்: கொத்தனாரிடம் கேட்கிறேன் அத்தை

கலா: எந்தக் கணேசன்?

சுந்தர் மாமா: பாக்கியம் மகன். உன் கல்யாணப் பந்தியில் அப்பளத்துக்குச் சண்டை போட்டவன்

கலா: அது கணேசன் இல்லை. நீங்கள்

பவித்ரா: எத்தனை நாளாக இருமல்?

வசந்தி அத்தை: பொங்கலில் இருந்தே. போன வருஷம் டிபி மாத்திரை ஆறு மாதம் சாப்பிட்டான். சளியில் கிருமி இல்லை என்றார்களாம், ஆனாலும் மாத்திரை கொடுத்தார்கள்.

பவித்ரா: என்ன வேலை பார்க்கிறார் என்று டாக்டரிடம் சொன்னாரா?

வசந்தி அத்தை: அதெல்லாம் யார் கேட்டார்கள்

ராமு சித்தப்பா: எல்லோரும் பொறுமையாகப் படிக்கவும். சுகாதார ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவன் என்ற முறையில் சொல்கிறேன். அது வெறும் தூசி இல்லை. கிரானைட், கான்கிரீட், செங்கல், மணல் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. கட்டர் மெஷின் ஓடும்போது அது நைசாகப் பொடிந்து பறக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். 10 மைக்ரானுக்கும் குறைந்த, கண்ணுக்கே தெரியாத தூள்தான் நுரையீரலின் அடிவரை போய் உட்காரும். உடம்பால் அதைக் கரைக்க முடியாது. அந்த இடமெல்லாம் தழும்பாகிக் கெட்டிப்பட்டுவிடும். சிலிக்கோசிஸ் என்பார்கள். அதைக் குணமாக்க மருந்து கிடையாது. எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே தெரிவதும் உண்டு. அதோடு, இது வந்தவர்களுக்கு டிபி சுலபமாகத் தொற்றும். ஆகவே டிபி இல்லை என்று நாமாக முடிவு கட்டவும் கூடாது. (தொடரும்)

சுந்தர் மாமா: தொடருமா?

கலா: வாய்ஸ் மெசேஜாக அனுப்பவில்லையே, சந்தோஷப்படுங்கள்

முருகேசன்: கொத்தனாரிடம் பேசிவிட்டேன். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டுதான் வெட்டுகிறானாம்

தினேஷ்: துண்டு ஒன்றுக்கும் ஆகாது. சிங்கப்பூரில் என் சைட்டில் இப்படி வெட்டினால் சேஃப்டி ஆள் வந்து வேலையை நிறுத்திவிடுவார். முதலில் தண்ணீர். பிளேடு கல்லைத் தொடுகிற இடத்தில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். மாஸ்க் அப்புறம்தான்.

வசந்தி அத்தை: தினேஷ், சாப்பிட்டாயா?

தினேஷ்: ஆச்சு அத்தை

வசந்தி அத்தை: அந்தப் பெண் ஜாதகம் அனுப்பினேனே, பார்த்தாயா?

தினேஷ்: கல் வெட்டுவதைப் பேசுவோம் அத்தை

ராமு சித்தப்பா: (தொடர்ச்சி) தம்பி சொல்வது சரி. மாஸ்க் என்றால் கொரோனாவுக்குப் போட்ட நீல மாஸ்க் இல்லை. என்95 வேண்டும். அதுவும் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும், தாடி இருந்தால் ஓரத்தில் காற்று நுழையும். கல்லை வீட்டுக்குள் வைத்து வெட்டக் கூடாது. வெளியே, காற்று முதுகுப் பக்கம் இருந்து வருகிற மாதிரி நின்று வெட்ட வேண்டும். வேலை முடிந்ததும் விளக்குமாற்றால் வறட்டுப் பெருக்கல் கூடாது, தண்ணீர் தெளித்துப் பெருக்க வேண்டும். தூசிச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது.

கலா: நான் அப்போதே சொன்னேன், கிரானைட் வேண்டாம், குவார்ட்ஸ் போடு என்று. என் வீட்டில் பாருங்கள், பளபளவென்று இருக்கிறது

தினேஷ்: அக்கா, அது இதைவிட மோசம். கிரானைட்டில் சிலிக்கா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. குவார்ட்ஸ் பலகை கல் தூளைப் பிசினில் சேர்த்துச் செய்வது, அதில் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் அதற்குத் தடையே போட்டுவிட்டார்கள்.

கலா: அய்யோ, என் மேடை?

தினேஷ்: பதித்த பிறகு ஒன்றும் செய்யாது. வெட்டியவருக்குத்தான் ஆபத்து

சுந்தர் மாமா: கலா வீட்டு மேடையில் ஆபத்து காப்பிதான்

கணேசன்: நானும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறேன்

வசந்தி அத்தை: கண்ணு

(சுந்தர் மாமாவின் செய்தி நீக்கப்பட்டது)

கணேசன்: தண்ணி ஊற்றினால் பென்சில் கோடு அழிந்துபோகும். சிங்க் ஓட்டை அரை இஞ்ச் தப்பினால் கல் காசை என் கூலியில் பிடிப்பார்கள். ஊற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும். எனக்கு அடிக் கணக்குக் கூலி, அந்த ஆள் சம்பளம் என் கையில் இருந்துதான் போகும். கீழே புது டைல்ஸ், சேறானால் முருகேசன் அண்ணன் சத்தம் போடுவார். மெஷினைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் வேறு. மாஸ்க் வாங்கினேன், இந்த வெயிலில் மூச்சு முட்டுகிறது.

முருகேசன்: நான் எப்போதடா சத்தம் போட்டேன்

கணேசன்: செவ்வாய்க்கிழமை

தினேஷ்: கோட்டை ஆணியால் கீறிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மெழுகுக் கிரேயான். ஷாக் இருக்கும்போது தண்ணீர் ஊற்றவே கூடாது. முருகேசா, கரண்ட் கசிந்தால் லைனை நிறுத்துகிற இ.எல்.சி.பி இருக்கிறதா?

முருகேசன்: வீட்டு மெயினில் இருக்கிறது. கல் வெட்டுவது தற்காலிக லைனில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறேன். ஆனால் வைகாசி கடைசி முகூர்த்தத்துக்கு 9 நாள்தான் இருக்கிறது. விட்டால் ஆனி, ஆடி. பால் காய்ச்ச முடியாது

பவித்ரா: எக்ஸ்ரே பார்க்கும்வரை கணேசன் அண்ணன் கட்டரைத் தொடவே கூடாது

கணேசன்: கூலி?

சுந்தர் மாமா: முருகேசன் கொடுப்பான்

முருகேசன்: நீங்கள் கைமாத்தாக வாங்கின 40 ஆயிரத்தைக் கொடுங்கள், இன்றைக்கே கொடுக்கிறேன்

வசந்தி அத்தை: அது இங்கே எதற்கு

ராமு சித்தப்பா: பகுதி 3. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் தமிழ்நாட்டில் 1994ல் இருந்து இருக்கிறது. முருகேசன் பிளான் அப்ரூவலுக்குப் போனபோது கட்டின பணத்தில், கட்டுமானச் செலவில் 1 சதவீதம் என்று ஒரு வரி இருந்திருக்குமே, அது இதற்குத்தான். ராஜஸ்தானில் கல் குவாரி ஆட்கள் நிறையப் பேர் பாதிக்கப்பட்டு, 2019ல் இந்த நோய்க்கென்றே தனிக் கொள்கை போட்டு உதவித்தொகை கொடுக்கிறார்கள். கணேசன், உன் நலவாரிய அட்டை எங்கே?

கணேசன்: இருக்கிறது சித்தப்பா. புதுப்பிக்கவில்லை

ராமு சித்தப்பா: அதானே

பவித்ரா: திங்கள் காலை தோப்பூர் நெஞ்சக ஆஸ்பத்திரி. கல் வெட்டுகிற வேலை, எத்தனை வருஷமாக என்று முதலிலேயே சொல்ல வேண்டும். பழைய எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் போங்கள். எனக்கு டியூட்டி. யார் கூடப் போவது?

முருகேசன்: திங்கள் பெயிண்டர் வருகிறார், பட்டி தேய்க்க

தினேஷ்: அதுவும் தூசிதான். அவருக்கும் மாஸ்க் வாங்கு

சுந்தர் மாமா: நான் கூட்டிப் போவேன். என் பைக் முருகேசனிடம் இருக்கிறது

முருகேசன்: அது என் பைக் மாமா

கலா: சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கிறீர்கள்? போன தடவை வந்தவர் மட்டும் வேண்டாம்

வசந்தி அத்தை: அவர் என் நாத்தனார் வீட்டு ஆள்

கலா: அதனால்தான் சொல்கிறேன்

கணேசன்: அண்ணே, நாளைக்கு வேலைக்கு வரவா வேண்டாமா?

முருகேசன்: வா. வெட்டாதே. கொத்தனாரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்