ரோபோவுக்குக் குணம் எதற்கு?

கியர்பெட்டி:
ஜப்பானில் நாகசாகி பக்கம் ரோபோக்களை வேலைக்கு வைத்த ஹென் நா ஹோட்டலை 2015இல் திறந்தபோது, வரவேற்பு மேசையில் டைனோசர், அறைக்குள் பேசும் பொம்மை என்று ஒரே அமர்க்களம். அந்தப் பொம்மை, ஆள் குறட்டை விட்டால் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எழுப்பிக் கேள்வி கேட்டது! 2019க்குள் 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் மூட்டை கட்டியாச்சு. வேலை செய்யும் இடத்துக்குத் தக்கபடி ரோபோவுக்கு ஒரு குணம் செதுக்கும் காசில் உருப்படியான மெஷின் செய்யலாம்.

அல்லிக்குளம்:
குறட்டை எது, பேச்சு எது என்று தெரியாதது காதுக் கோளாறு சார். அதைக் குணத்தின் தலையில் கட்டாதீங்க.

பாரோவை எடுத்துக்குங்க. டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களுக்கும் கொடுக்கிற சீல் குட்டி ரோபோ, ஜப்பான்காரர் தகனோரி ஷிபாதா செய்தது. நாய், பூனை என்றால் எல்லாரும் நிஜத்தோடு ஒப்பிட்டு, 'இது எங்க வீட்டுப் பூனை மாதிரி இல்லையே' என்பார்கள். சீல் குட்டியை யார் மடியில் வைத்து வளர்த்தார்கள்? குறை சொல்ல ஆளில்லை. பேசாது. தடவினால் முனகும். பெயர் வைத்துக் கூப்பிட்டால் பழகிக்கொண்டு திரும்பும். 2009இல் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அதை மருத்துவக் கருவியாகவே ஏற்றுக்கொண்டது.

கியர்பெட்டி:
வாயை மூடிக்கொண்டிருப்பதெல்லாம் ஒரு குணமா?

அல்லிக்குளம்:
எழவு வீட்டில் வாயை மூடத் தெரிந்தவரை என்னவென்று சொல்வீங்க? இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் செய்த காஸ்பர் என்ற ரோபோ, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கானது. அதன் முகத்தில் பாவனைகளை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள், பிள்ளை மிரளக்கூடாதென்று. குறைப்பதும் வடிவமைப்புதான்.

ராத்திரி_ஷிப்ட்:
முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். எங்க பாட்டி ஒருத்தர் துணிப் பொம்மைக்கே தினமும் அரை இட்லி ஒதுக்கி வைக்கிறார். முனகுகிற பொம்மையைக் கொடுத்தால் உசுரு இருக்கு என்றே நம்புவார். நம்பட்டும், தூங்கினால் சரி என்று எனக்கே தோணும், அதுதான் பயம். அப்புறம் நிர்வாகம் 'அதான் பொம்மை இருக்கே' என்று ராத்திரி ஆளைக் குறைக்கும்.

அல்லிக்குளம்:
இதற்கு என்னிடம் பதில் இல்லைங்க. ஆளைக் குறைக்க எந்தக் குணமும் சாக்காகக் கூடாது.

கியர்பெட்டி:
சரி, ஆஸ்பத்திரியை விட்டுக்கொடுக்கிறேன். ஓட்டலை விடமாட்டேன். பெல்லாபாட் என்று ஒரு ரோபோ பூனை முகத்தோடு சாப்பாட்டுத் தட்டு சுமக்குமே, காதை ரொம்ப நேரம் தடவினால் கோபித்துக்கொள்ளும். அங்கே சூப் ஆறுது, இது ஊடல் பண்ணுது!