புதுப்பிப்பு: ஓசிடி ஸ்கேன் எடுத்துவிட்டேன்

பார்வை தெளிவாக இருக்கும்போது ஓசிடி ஸ்கேன் (விழித்திரையை ஒளியால் படமெடுக்கும் கண் சோதனை) எதற்கு என்று முன்பு கேட்டிருந்தேன், இப்போது எடுத்துவிட்டேன். தாடையைத் தாங்கியில் வைத்து, பச்சைக் குறியைச் சில நொடிகள் உற்றுப் பார்த்ததோடு வேலை முடிந்தது. 1991இல் அறிமுகமான இம்முறை, விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு அதன் அடுக்குகளை மைக்ரோமீட்டர் நுட்பத்தில் காட்டுகிறது. என் இடக்கண்ணில் நரம்பிழை அடுக்கின் (பார்வைச் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் இழைகள் உள்ள விழித்திரை அடுக்கு) கீழ்ப்பகுதி மெலிந்திருப்பது சிவப்பாகத் தெரிந்தது. கண்ணழுத்தம் இயல்பாக இருந்தாலும் கிளாகோமா (பார்வை நரம்பு மெல்லச் சேதமடையும் கண்நோய்) வரலாம் என்றும், பக்கப் பார்வை குறைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இம்மெலிவு தென்படக்கூடும் என்றும் மருத்துவர் விளக்கினார். ஆனால் சிவப்பு நிறம் மட்டுமே நோயாகிவிடாது. கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் (எனக்கும் அது உண்டு) அவ்வாறு தோன்றுவதுண்டாம். ஆகவே பக்கப் பார்வை எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் பார்வைப்புலச் சோதனைக்கும், ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க மறு ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். சொட்டு மருந்து இன்னும் தொடங்கவில்லை.