ரேசன் அரிசி வீட்டுக்குள்ள என்னாகுது? களஆய்வு பத்தி ஒரு கேள்வி

பவானிக்கரை:
குமாரபாளையத்துல 12 தறிக்குடும்பங்களை எடுத்து, ரேசன் அரிசி வீட்டுக்குள்ள என்னாகுதுன்னு இனவரைவியல் முறையில (கூடவே இருந்து பாத்து எழுதறது) ஆறு மாசம் பாக்கத் திட்டம். கேள்வித்தாள் முன்னோட்டத்துல எல்லா வீட்லயும் ஒரே பதில்: "வாங்கறோங்க, சாப்பிடறோங்க." அதே தெருவுல கடையரிசி மூட்டையும் இறங்குது. எப்படி அளக்கறது? செறிவூட்டின அரிசியையும் (இரும்புச்சத்து சேத்துச் செஞ்ச மணி கலந்தது) பாக்கணும்.

களக்குறிப்பு:
"சாப்பிடறீங்களா"ன்னு கேட்டா அந்தப் பதில்தாங்க வரும். இல்லைன்னா கார்டு போயிரும்னு பயம். மூட்டையைப் பின்தொடருங்க. அரிசி வந்த அன்னிக்கு எடை போடுங்க (எல்லாருக்கும் 20 கிலோன்னு எழுதிராதீங்க, ரொம்ப ஏழைக் குடும்பத்துக்குக் குடுக்கற அந்தியோதயா கார்டுன்னா 35), அப்புறம் வாரம் ஒருக்கா மீதியை எடை போடுங்க. குறைஞ்சதைச் சோறு, இட்லி மாவு, மாடு கோழி, சொந்தத்துக்குக் குடுத்ததுன்னு பிரிச்சு எழுதுங்க. எதுலயும் சேராததை "வித்தாங்க"ன்னு எழுத வேண்டாம். "கணக்கில் வராதது" போதும். நோட்டு யார் கைக்குப் போகும்னு சொல்ல முடியாது.

டம்ளர்ல அளக்கற வீடுதான் அதிகம். ஒரு வீட்டு டம்ளர் தலைதட்டு, இன்னொரு வீட்ல குமிச்சு. வீட்டுக்கு வீடு அந்த டம்ளரையே எடை போட்டு வச்சுக்குங்க, ரேசன் அரிசிக்கும் கடையரிசிக்கும் தனித்தனியா.

முறம்:
செறிவூட்டின அரிசிக்கு எடை உதவாது. 100 கிலோவுக்கு 1 கிலோங்கறதுதான் அந்தச் சத்து மணி கலக்கற அளவு. 100 கிராம்ல ஒரு கிராம். சமையல் தராசு அதைச் சரியாக் காட்டாது. எண்ணுங்க. மூட்டையோட மேல, நடு, அடியில இருந்து கொஞ்சங்கொஞ்சம் எடுத்துக் கலந்து, 100 கிராமைக் கறுப்புத் துணியில பரப்பி எண்ணுங்க. புடைச்சதுக்கு அப்புறம் ஒருக்கா, கழுவினதுக்கு அப்புறம் ஒருக்கா. "பிளாஸ்டிக் அரிசி"ன்னு பொறுக்கிப் போடறவங்க உண்டு. கழுவும்போது மிதக்கறதைத் தண்ணியோட ஊத்துறதும் உண்டு. கழுநீர் மாட்டுத் தொட்டிக்குத்தான போகுது? பிள்ளைக்குன்னு வந்த இரும்புச்சத்தை எருமை குடிக்கும், அட்டவணையில "வழங்கப்பட்டது"ன்னு இருக்கும். மாவுக்கு ஊறப்போடுற அரிசியிலயும் பொறுக்கறாங்களான்னு தனியாப் பாருங்க.

நைட்ஷிப்ட்:
12 வீடு ஒத்தை ஆளுக்கு ஆகாதுங்க. 6 வைங்க, ஆனா மாசத்தோட முதல் வாரமும் கடைசி வாரமும் கட்டாயம் போங்க. சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை கறி; அந்த ரெண்டு நாள் மட்டும் பாத்தா ஊரே நல்லாச் சாப்பிடுதுன்னு எழுதிருவீங்க. ராத்திரி ஷிப்ட் வாரத்தையும் விட்டுராதீங்க, சாப்பாட்டு நேரமே மாறும்.

முதல் மூணு வாரக் குறிப்பைக் கணக்குல சேக்காதீங்க. விருந்தாளி வந்தா பொரியல் தானா வரும். ரேசன் கடைக்காரர் கூடவோ கவுன்சிலர் கூடவோ முதல் தடவை படியேறினா ஆறு மாசமும் வீண்.

பவானிக்கரை:
வீட்டுப் பொம்பளைங்க சாப்பிட்டதை எப்படிங்க எழுதறது? "மீதியைப் போட்டுக்கிட்டேன்"னுதான் சொல்றாங்க.

களக்குறிப்பு:
"நேத்து என்ன சாப்பிட்டீங்க"ன்னு அவங்களைக் கேட்டா பிள்ளைங்க தட்டுல மிச்சம் தின்னது வராது. பரிமாறும்போது சட்டியில எவ்வளவு இருந்துச்சு, கடைசியா எவ்வளவு மிஞ்சுச்சுன்னு எழுதுங்க, யார் முதல்ல யார் கடைசியா சாப்பிட்டாங்கங்கற வரிசையையும் சேத்து. இன்னொண்ணு: 2023-ல நீலகிரி, தர்மபுரியில ரேசன்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு குடுத்தாங்கல்ல? அது இங்க வந்தா ஏத்துக்குவாங்களான்னு பாக்கணும்னா "புடிக்குமா"ன்னு கேக்காதீங்க. மாவு மில்லு எவ்வளவு தூரம், அரவைக்கூலி எவ்வளவு, யார் தூக்கிட்டுப் போறதுன்னு கேளுங்க.