தினமும் ஒரே லோக்கல் ரயிலில் பார்ப்பவரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது?

தாம்பரம்_8_10:
தாம்பரம் – பீச் லைன், காலை வண்டி, பொதுப் பெட்டி. ஒரு பெண் தினமும் அதே பெட்டியில் ஏறி கிண்டியில் இறங்குகிறார். நான் எழும்பூர் வரை. ஒரு மாதமாக முகப்பழக்கம் மட்டும்தான். பேசிப் பார்க்க ஆசை, ஆனால் தொல்லையாகிவிடக் கூடாது. எந்த இடத்தில், என்ன சொல்லித் தொடங்குவது? எங்கே நிறுத்துவது?

சீசன்டிக்கெட்:
அவர் உங்களுக்கு முன்னால் இறங்குகிறார் என்பது நல்ல விஷயம். ஓடும் வண்டியில் பிடிக்காத பேச்சிலிருந்து எழுந்து போக வழியில்லை. அதனால் குரோம்பேட்டையிலேயே ஆரம்பித்தால், பிடிக்காவிட்டாலும் கிண்டி வரை சகித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பழவந்தாங்கல் தாண்டிய பிறகு பேசுங்கள். நடுவில் பரங்கிமலை மட்டும்தான், நாலைந்து நிமிடத்தில் கிண்டி வந்துவிடும். பேச விருப்பம் இருந்தால் மறுநாள் அவரே தொடர்வார்.

அதற்கு முன் ஒரு வாரமாவது வெறும் தலையசைப்பு போதும். பதிலுக்குத் தலையசைக்கவில்லையா, அதுவே பதில்.

முதல் பேச்சு இருவருக்கும் பொதுவான ஒன்றைப் பற்றி இருக்கட்டும். வண்டி சிக்னலில் நின்றால், அறிவிப்பு புரியாமல் போனால், "இப்ப என்னங்க சொன்னாங்க?" என்பது போதும். "இது எழும்பூர்ல நிக்குமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தினமும் உங்களைப் பார்ப்பவருக்கு அது நடிப்பு என்று அந்த நொடியே தெரியும். கையில் புத்தகம் இருந்தால் அதைப் பற்றிக் கேட்கலாம். போன் திரையில் பார்த்ததைப் பற்றிக் கேட்டால் எட்டிப் பார்த்தீர்கள் என்று அர்த்தம்.

ஜன்னல்_சீட்:
பெண்கள் பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன். பேச்சை விட, எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் கவனிப்போம். வாசலை மறைத்துக்கொண்டோ, உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே குனிந்தோ பேசினால் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. கூட்டம் நெருக்கும் நாளில் பேசவே வேண்டாம். இடித்துக்கொண்டு நிற்கும் ஆண் வாயைத் திறந்தாலே எரிச்சல்தான் வரும்.

இரண்டு காதிலும் இயர்போன், கண் மூடியிருக்கிறது, பையை மடியில் இழுத்து அணைத்திருக்கிறார் என்றால் விட்டுவிடுங்கள். "ம்", "ஆமா", "தெரியல" என்று ஒற்றைச் சொல்லாக இரண்டு பதில் வந்தால் மூன்றாவது கேள்வி கேட்காதீர்கள். சிரித்தார் என்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், பயத்திலும் சிரிப்போம். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டால்தான் பேச விருப்பம் என்று கொள்ளலாம்.

வேலை எங்கே, வீடு எங்கே, தனியாகவா வருகிறீர்கள்: இந்த மூன்றும் விசாரணை மாதிரி இருக்கும். "மேடம்" வேண்டாம், வங்கிக் கவுண்டர் மாதிரி. "சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிட்டு அப்புறம் காபிக்குக் கூப்பிட்டால் கேவலம். "ஏங்க" போதும், எப்போதும் "நீங்க".

தாம்பரம்_8_10:
நன்றி. நாலைந்து நாள் நன்றாகப் பேசினால் நம்பர் கேட்கலாமா?

சீசன்டிக்கெட்:
கேட்காதீர்கள், கொடுங்கள். பெட்டியில் எல்லோர் முன்னாலும் நம்பர் கேட்டால் மறுப்பது கஷ்டம். சிலர் தப்பிக்கப் பொய் நம்பர் சொல்வார்கள், அதை அங்கேயே மிஸ்டு கால் கொடுத்துச் சோதிக்கும் ஆட்களும் உண்டு, கொடுமை. உங்கள் இன்ஸ்டா ஐடியை ஒரு சீட்டில் எழுதி, கிண்டி வருவதற்குச் சற்று முன்னால், "விருப்பம் இருந்தா ஒரு நாள் காபி சாப்பிடலாம், இல்லேன்னா ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று ஒரே ஒரு முறை சொல்லிக் கொடுங்கள். மறுநாள் "பார்த்தீங்களா?" என்று கேட்கக் கூடாது.

கிண்டியில் கூடவே இறங்காதீர்கள், "அதே பக்கம்தான் போறேன்" என்று சொல்லிக்கூட. பேச்சில் தெரிந்த பெயரை வைத்து ஆன்லைனில் தேடிப் பிடித்து மெசேஜ் போடுவதும் அதே ரகம்தான்.

கடைசி_பெட்டி:
மறுத்துவிட்டாலோ பதிலே வராவிட்டாலோ நீங்கள்தான் பெட்டி மாற வேண்டும். ஒரு பெட்டி தள்ளி ஏறினால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் பெட்டி மாறியிருந்தால் தேடிப் போகாதீர்கள். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் குற்றம். ரயில்வே உதவி எண் 139-க்கு அவர் ஒரு அழைப்பு போட்டால் போதும்.

ஜன்னல்_சீட்:
இன்னொன்று. அவர் தோழியோடு வரும் நாளில் தோழியையும் சேர்த்துப் பேசுங்கள், இல்லையென்றால் வணக்கம் சொல்லிவிட்டு உங்கள் இடத்துக்குப் போய்விடுங்கள். லேடீஸ் பெட்டிக்கு மாறிவிட்டார் என்றால் பிளாட்பாரத்தில் அதன் எதிரே போய் நிற்காதீர்கள்.