தும்பு ஆலை வழக்கு: சங்கப் பணம் எதற்குப் போக வேண்டும்?

சங்க உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

அண்ணாச்சியின் தும்பு ஆலை (தேங்காய் நார் எடுக்கும் ஆலை) வழக்கைப் பற்றி நம் குழுவில் வந்த மடல்களை ஒன்றுவிடாமல் படித்தேன். சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆலைக்கு நிரந்தரத் தடை கேட்டு நாகர்கோவில் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். வழக்கு முடியும்வரை மெஷினை ஓட்டக் கூடாது என்று இடைக்கால மனுவும் கூடவே இருக்கிறது. சம்மன் வந்துவிட்டது. "பெரிய வக்கீலாகப் பார்ப்போம், செலவைச் சங்கம் ஏற்கட்டும்" என்று மஸ்கட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாசம் பெரிது. ஆனால் நம் பணத்தில் பெரும்பங்கு ஆலை ஷெட்டுக்குப் போக வேண்டும், கோர்ட்டுக்கு அல்ல என்பதுதான் என் உறுதியான எண்ணம்.

பலரும் நம்பியிருக்கும் ஒரே வாதம், "ஆலை முதலில் வந்தது, வீடு பிறகுதானே வந்தது" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மட்டும் கோர்ட்டில் நிற்காது. இந்த மாதிரி வழக்குகளில் நம்மூர் நீதிமன்றங்கள் ஆங்கிலேயச் சட்டத்தின் அடிப்படைகளைத்தான் இன்றும் பின்பற்றுகின்றன. அதில் 1879இல் லண்டனில் முடிந்த வழக்கு ஒன்று உண்டு, சட்டம் படித்த எல்லோருக்கும் தெரியும். மிட்டாய் செய்யும் ஒருவர் தன் அடுக்களையில் பெரிய உரல்களை வைத்து இருபது வருஷத்துக்கும் மேலாக இடித்துக்கொண்டிருந்தார். பின்புறத்து வீட்டு டாக்டர் தன் தோட்டத்தின் கடைசியில், அந்த அடுக்களைச் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஒரு அறை கட்டினார். கட்டிய பிறகு சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார். டாக்டர்தான் ஜெயித்தார். அந்த அறை வந்த பிறகுதான் சத்தம் ஒருவருக்குத் தொல்லையானது, அதற்கு முந்தைய வருஷங்கள் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்கள்.

அதே தீர்ப்பில் நமக்கு உதவும் விஷயமும் இருக்கிறது. ஒரு சத்தம் தொல்லையா இல்லையா என்று முடிவு செய்ய அந்த இடத்தின் தன்மையையும் பார்க்க வேண்டும் என்றார்கள். தென்னந்தோப்பும் கதம்பல் (தேங்காய் உரிமட்டை) குவியலுமாக இருக்கிற விளையில் கேட்கும் சத்தத்தை, நகரத்துக் குடியிருப்பில் கேட்கும் சத்தத்தோடு ஒப்பிட முடியாது. அண்ணாச்சியின் வக்கீல் இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் சென்ட் கணக்கில் தோப்பை வெட்டி விற்று, அந்தப் பக்கம் முழுக்க வீடாக்கியது யார்? பெரும்பாலும் நாம்தான். நம்மில் எத்தனையோ பேர் வெளிநாட்டுச் சம்பளத்தில் அங்கே மனை வாங்கிப் பால்காய்ப்பு நடத்தியிருக்கிறோம். இடத்தின் தன்மை வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது, இந்த வாதமும் அதே வேகத்தில் பலம் இழந்து வருகிறது.

பிரான்ஸிலிருந்து தம்பி அனுப்பிய சேவல் செய்தியும் படித்தேன். கூவுகிறது என்று பக்கத்து வீட்டார் போட்ட வழக்கில் மோரிஸ் என்ற அந்தச் சேவலின் பக்கம் 2019இல் தீர்ப்பு வந்தது உண்மை. 2021இல் கிராமப்புறத்தின் ஓசைகளையும் மணங்களையும் பாரம்பரியமாக மதிக்கும் சட்டத்தை அங்கே கொண்டுவந்தார்கள். முன்பே முறையாக நடந்துவரும் தொழில்மீது பிறகு குடிவந்தவர் வழக்குப் போடுவதைக் கட்டுப்படுத்தி 2024இல் இன்னொரு சட்டமும் வந்தது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அது வரும்வரை அண்ணாச்சி காத்திருக்க முடியாது.

நம்மிடம் இருப்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை. பகலில் வரம்பைவிட 10 டெசிபல் கூடினால்தான் இந்த விதிப்படி அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். இரவுக் கட்டுப்பாட்டை மீறினால் அந்தச் சலுகை கிடையாது. இப்போது யோசித்துப் பாருங்கள்: சீசனில் நம் ஆலை எத்தனை மணிக்கு ஓடத் தொடங்குகிறது? நாலரைக்கு. கதம்பல் லாரி வந்து தட்டுவது அதற்கும் முன்னால். வழக்கு மனுவில் பாதிக்குமேல் இதைப் பற்றித்தான். படுத்த படுக்கையாக இருக்கும் தன் அம்மா நாலரை மணிக்குத் திடுக்கிட்டு எழுவதாக அவர் எழுதியிருக்கிறார். அது பொய் இல்லை. அந்த அம்மாவை நம் எல்லோருக்கும் தெரியும்.

போன விடுமுறையில் நான் ஆலைக்குள் போய் நின்று பார்த்தேன். இங்கே என் வேலையே இயந்திரப் பராமரிப்புதான் என்பதால் கண் அங்கேதான் போனது. ஷெட்டின் திறந்த பக்கம் நேராகப் பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. மெஷினும் மோட்டாரும் ஒரே கான்கிரீட் தளத்தில், நடுவில் எந்த மெத்தையும் இல்லாமல் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அதிர்வு தூணில் ஏறித் தகரக் கூரைக்குப் போகிறது. கூரைத் தகரத்தின் கொக்கி ஆணிகள் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கின்றன. காய்ந்த கதம்பல் உள்ளே போகும்போது உருளை ஒரு அதட்டல் அதட்டும், உடனே கூரை முழுவதும் சடசடவென்று ஆடும். நனைந்த கதம்பலுக்கு அந்த அளவு இல்லை. கூரைக்குக் கீழே நின்று உள்ளங்கையால் தகரத்தை அமர்த்திப் பிடித்தேன், அந்த இடத்தில் சத்தம் கேட்கும்படியே குறைந்தது. பேரிங்கும் தேய்ந்திருக்கிறது, அதன் கீச்சல் தனியாகக் காதில் விழுகிறது.

அதாவது வெளியே போகும் சத்தத்தில் ஒரு பகுதி தும்பு அடிக்கும் சத்தமே அல்ல, ஷெட்டின் சத்தம். அதைக் குறைக்க முடியும். பேரிங் மாற்றி உருளையைச் சமன் செய்ய வேண்டும். மெஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் மெத்தை வேண்டும், ரப்பர் விளையும் மாவட்டத்தில் அதற்கு அலைய வேண்டியதில்லை. தகரத்தைப் புது ஆணியால் இறுக்க வேண்டும். வீட்டைப் பார்த்த பக்கத்தில் கல்லோ சிமெண்ட் பிளாக்கோ வைத்து, மெஷினையும் ஜன்னலையும் ஒன்றையொன்று பார்க்க விடாத உயரத்துக்குச் சுவர் எழுப்ப வேண்டும். சுவரில் இடைவெளி விடக் கூடாது, சின்னச் சந்து இருந்தாலும் சத்தம் அதன் வழியே வந்துவிடும். டெசிபல் கணக்கில் மூன்று குறைந்தாலே ஒலியின் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள். பத்து குறைந்தால் காதுக்கே சத்தம் பாதியானது போலத் தெரியும். மேலே சொன்னவை எல்லாம் சேர்ந்தால் அந்தப் பத்தை எட்டலாம் என்று நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஷெட்டை நாலு பக்கமும் அடைத்துவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். தும்புத் தூசியும் சூடும் உள்ளே தங்கினால் தீப்பிடிக்கும், தும்பில் தீ பற்றினால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காற்றுப் போக வழி விட்டே ஆக வேண்டும், அந்த வழி வளைந்து போகும்படி கட்ட வேண்டும். தும்பு நன்றாகவே ஒலியை உறிஞ்சும், ஆனாலும் அதையே சுவரில் ஒட்டாதீர்கள். தீப்பிடிக்காத கல் பஞ்சு கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூட. அதற்குத்தான் சங்கப் பணம் வேண்டும் என்கிறேன்.

இத்தனை மடல்களில் ஒன்றில்கூட வராத விஷயம் ஒன்று என்னை உறுத்துகிறது. ஜன்னல்வரை வந்து சேரும் சத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். மெஷினுக்கு ஒரு கை தூரத்தில் நின்று கதம்பல் எடுத்துப் போடும் பெண்களின், நம் மயினிமாரின், காதைப் பற்றி யாருமே பேசவில்லை. தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு விதி. பல நாடுகளில் 85லேயே காதுக்குப் பாதுகாப்பு கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான் வேலை செய்யும் இடத்தில் காதடைப்பு இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள். நம் ஆலையில் ஒரு அக்காவிடம் பேசினேன், வலது பக்கம் நின்று பேசினால் அவருக்குக் கேட்கவில்லை, மெஷின் நிறுத்தியிருந்தபோதும். இது இழப்பீடாகவோ வழக்காகவோ யார் காகிதத்திலும் இல்லை. ஷெட்டைச் சரிசெய்தால் பக்கத்து வீட்டுக்கும் நல்லது, இவர்களுக்கும் நல்லது. வக்கீல் பீஸ் கட்டினால் இவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

வக்கீலே வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிலுரையைச் சம்மன் கிடைத்த 30 நாளில் கொடுக்க வேண்டும், கோர்ட் அனுமதித்தால் 90 நாள்வரை நீளும். அதைத் தவறவிடக் கூடாது. ஊராட்சிச் சட்டப்படி இயந்திரம் நிறுவ வாங்கிய அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காகிதங்கள், மின் இணைப்பு எல்லாம் நடப்பில் இருக்கின்றனவா என்று அண்ணாச்சி இன்றே எடுத்துப் பார்க்க வேண்டும். இடைக்கால மனுவில் கோர்ட் முக்கியமாகப் பார்ப்பவற்றில் ஒன்று, தடை கொடுத்தால் யாருக்கு அதிகச் சிரமம், கொடுக்காவிட்டால் யாருக்கு என்பது. "காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் ஓட்ட மாட்டோம், இன்னின்ன வேலை தொடங்கிவிட்டோம்" என்று உறுதிமொழி கொடுத்தால் தராசு நம் பக்கம் சாயும். சத்தத்தை அளக்க, கோர்ட் நியமிக்கும் கமிஷனரை அனுப்பும்படி நாமே கேட்கலாம். போனில் அளந்த எண்ணை நம்பி யாரும் வாதாட வேண்டாம்.

பிறகு, சமரசம். கோர்ட்டிலேயே சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லி மனு போடலாம், லோக் அதாலத்துக்கும் போகலாம். அங்கே இருவரும் ஒத்துக்கொண்டு முடித்தால் அது டிகிரிக்கு (கோர்ட்டின் தீர்ப்பாணைக்கு) சமம். அதன்மேல் அப்பீல் இல்லை, வழக்குப் போட்டவர் கட்டிய கோர்ட் பீஸும் திரும்பக் கிடைக்கும். இரண்டு பேரும் ஒரே தெருவில் வாழப் போகிறவர்கள். ஒருவர் தோற்று ஒருவர் ஜெயிக்கும் தீர்ப்பு அவர்களுக்கு எதற்கு?

கடைசியாக ஒன்றைக் கடுமையாகவே சொல்கிறேன். "வழக்கை வாபஸ் வாங்கும்வரை கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவர் வீட்டு வரி வாங்கக் கூடாது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அதை இந்தக் குழுவில் யாரும் திரும்ப எழுத வேண்டாம். ஒரு மனிதர் தன் குறையை அடிதடி இல்லாமல் கோர்ட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். அதற்கு ஊர்விலக்கா? நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தக நிதிக்குக் குவைத்திலிருந்து வருஷம் தவறாமல் பணம் அனுப்பியவர் அவர். தவிர, அந்த மடலை அவர் வக்கீல் அச்செடுத்துக் கோர்ட்டில் நீட்டினால் அண்ணாச்சியின் கதி என்ன?

என் கோரிக்கை இதுதான். வரும் கூட்டத்தில் ஷெட் வேலைக்கு ஒரு தொகையை ஒதுக்குவோம், அண்ணாச்சி முடிந்தபோது திருப்பித் தரும் கடனாகவே இருக்கட்டும். மயினிமாருக்குக் காதடைப்பு வாங்கும் செலவை நான் ஏற்கிறேன். நாலரை மணி ஓட்டத்தை நாளையே நிறுத்தச் சொல்லி அண்ணாச்சியிடம் தலைவர் பேசட்டும். ஊரில் இருப்பவர்களில் இரண்டு பேர், பெண்கள் யாராவது இருந்தால் இன்னும் நல்லது, அந்த வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வழக்குப் பேச்சை முதல் நாளே எடுக்க வேண்டாம். யார் போகிறீர்கள் என்று இந்த மடலுக்குப் பதில் போடுங்கள். ஷெட்டின் அளவுகளும் படங்களும் என்னிடம் இருக்கின்றன, நாகர்கோவிலில் தெரிந்த கொத்தனாரோ ஃபிட்டரோ இருந்தால் சொல்லுங்கள், இன்றே அனுப்பிவிடுகிறேன்.