சாறி உடுத்த வெள்ளைக்காரியும் பிராடா செருப்பும்

உப்புவெளி தையல்:
கோணேசர் கோயிலுக்குப் போக வேணும் எண்டு வந்த ஜேர்மன்காரிக்கு சாறிச் சட்டை தைச்சுக் குடுத்தனான். கொய்யகம் பிடிச்சு ஊசி குத்தினதும் நான்தான். படம் பார்த்திட்டு கனடாவில இருக்கிற மகள் 'அது கலாசாரத் திருட்டு அம்மா' எண்டு சண்டை. உண்மையோ?

மூதூரான்:
காசு குடுத்து, முறை கேட்டு உடுத்தது திருட்டோ அக்கா? 2025 யூன் மாதம் மிலானில பிராடா எண்ட இத்தாலிய நாகரிக உடுப்பு நிறுவனம், இந்தியாவின்ர கோலாப்பூரிலை செய்யிற தோல் செருப்பு மாதிரியே ஒண்டை மேடையேத்தினதே, அதைச் சொல்லுங்கோ. எந்த ஊர்ச் சாமான் எண்டு ஒரு சொல் இல்லை. இந்தியாவில கொதிச்ச பிறகுதான் ஒத்துக்கொண்டவை. 2019இலயே புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ச் சாமான் எண்ட சட்ட அடையாளம், கிடைச்ச செருப்பு அது!

லண்டன் திருமலையாள்:
மகளின்ர கோபத்திலயும் ஞாயம் இருக்கு. 2018இல குச்சி (Gucci) எண்ட இன்னொரு இத்தாலிய நிறுவனம் வெள்ளைக்கார மொடல்களுக்குச் சீக்கியத் தலைப்பாகை மாதிரிக் கட்டிவிட்டது. அடுத்த வருசம் கடையில விலை 790 டொலர். அதே தலைப்பாகையால 2001 செப்ரெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில சீக்கியர் அடி வாங்கினவை, உயிரும் போனது. அவைக்கு அது நாகரிகம், எங்கட ஆக்களுக்கு ஆபத்து.

உப்புவெளி தையல்:
விளங்குது. மகளுக்கும் இதைக் காட்டுறன். ஜேர்மன்காரி சிநேகிதிக்கும் ரெண்டு சட்டை கேட்டிருக்கிறா. கூலியைக் கூட்டத்தான் போறன்.