மழை பிடித்தால் மோட்டார் கிளம்புவதில்லை: கண்ணாடி ரீட் ஸ்விட்சில் என்ன கோளாறு?

வயல்காரன், திருத்துறைப்பூண்டி
வணக்கம். மாடித் தொட்டிக்கு மிதவை சென்சார் ஒன்று நானே செய்து போட்டிருக்கிறேன். பிவிசி குழாய்க்குள் ரீட் ஸ்விட்ச் (காந்தம் பக்கத்தில் வந்தால் தானே சேரும் குட்டிக் கண்ணாடிக் குழல் ஸ்விட்ச்), வெளியே காந்தம் ஒட்டிய மிதவை. தண்ணீர் இறங்கினால் காந்தம் ஸ்விட்சுக்கு நேராக வரும், மோட்டாரை ஆன் செய்யும் 12 வோல்ட் ரிலே இழுக்கும், மோட்டார் ஓடும். சித்திரை வெயிலில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி அடைமழை பிடித்ததும் தொட்டி வறண்டு கிடந்தாலும் அசையாது. குழாயை விரலால் இரண்டு தட்டு தட்டினால் 'டக்'. போன வருடமும் இதே கதைதான், புது ஸ்விட்ச் மாற்றினேன். இதைப் போய் ஏன் கண்ணாடியில் செய்கிறார்கள்? போர்டில் இருக்கும் குட்டி டையோடும் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது) கண்ணாடி. பிளாஸ்டிக் என்றால் உடையாதே?

வயர்மேன், மன்னார்குடி
கண்ணாடி சூடு தாங்கும் தம்பி, அதுக்குத்தான். விரிசல் இருந்தா எம்-சீல் வச்சு அடைச்சிடுங்க.

ரேடியோக்கடை, கும்பகோணம்
சூடு தாங்கும் என்பது சரிதான் அண்ணே, ஆனால் இந்த ஸ்விட்சுக்குக் காரணம் ஈரம். பிளாஸ்டிக், எபாக்சி எதுவானாலும் நீராவி மெல்ல மெல்ல உள்ளே போய்விடும். கண்ணாடியில் போகாது. ரீட் ஸ்விட்சுக்குள் இருப்பவை இரண்டு மெல்லிய நிக்கல் இரும்புத் தகடுகள். நுனியில் ரோடியம் அல்லது ருத்தேனியம் பூச்சு, சுற்றிலும் நைட்ரஜன். காந்தம் வந்தால் நுனிகள் எதிரெதிர் துருவமாகி ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் வேலை. பிளாஸ்டிக் கூடு என்றால் அதிலிருந்து கிளம்பும் ஆவியே நுனியில் படிந்து கெடுத்துவிடும். 1936-ல் பெல் லேப்ஸில் எல்வுட் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து கூடு கண்ணாடிதான்.

கண்ணாடியில் லேசான பச்சை தெரியும், பாருங்கள். அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுவதற்காகவே அந்தக் கண்ணாடி. நடுவைச் சுடாமல் இரண்டு முனையை மட்டும் உருக்கி மூடலாம். கம்பியும் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிய வேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போதே விரிசல் விடும். ரீடில் அதற்காகத்தான் இரும்பும் நிக்கலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. டையோடில் நிக்கல் இரும்புக் கம்பிமேல் செம்பு உறை. 1என்4148 என்ற கண்ணாடி டையோடை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே முனைகள் செக்கச்செவேல் என்று இருப்பது அந்தச் செம்புதான்.

இப்போது உங்கள் கதை. கம்பியை எப்படி மடக்கினீர்கள்?

வயல்காரன், திருத்துறைப்பூண்டி
குழாய் குறுகல். அதனால் கண்ணாடியை ஒட்டியே கட்டைவிரலால் மடக்கினேன். நீளமாக நின்ற கம்பியையும் கட்டரால் ஒட்ட வெட்டிவிட்டேன்.

ரேடியோக்கடை, கும்பகோணம்
ஆள் மாட்டிக்கொண்டார்! மடக்கிய விசை முழுக்கக் கண்ணாடியின் முனையில்தான் இறங்கியிருக்கும். முடியளவு விரிசல் போதும், நைட்ரஜன் வெளியே, மழைக்காற்று உள்ளே. உங்கள் ஊரில் உப்பங்காற்று வேறு. தகட்டில் படலம் கட்டும். தட்டினால் படலம் கலைந்து தொடும், மறுநாள் பழையபடி. எம்-சீல் இதற்கு உதவாது, ஈரம் ஏற்கெனவே உள்ளே குடியேறிவிட்டது. தவிர, எம்-சீலும் எபாக்சிதான், இறுகும்போது சுருங்கிக் கண்ணாடியை நெரிக்கும். மெத்தென்ற சிலிக்கான் என்றால் பரவாயில்லை.

ஒட்ட வெட்டியதும் தப்பு. அந்தக் கம்பி மின்சாரத்துக்கு மட்டுமல்ல, காந்தப்புலத்துக்கும் அதுதான் வழி. நீளம் குறைந்தால் ஸ்விட்ச் மந்தமாகும், காந்தம் இன்னும் நெருங்கி வர வேண்டும்.

புதிதை மடக்கும்போது கண்ணாடிக்கும் மடிப்புக்கும் நடுவே நோஸ் பிளையரால் கம்பியை இறுகப் பிடித்து, அதற்கு வெளியே மடக்குங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டராவது நேராக இருக்கட்டும். வெட்டும்போதும் அதே பிடி.

வயர்மேன், மன்னார்குடி
சரி, என் எம்-சீலை வாபஸ் வாங்கிக்கிறேன். தம்பி, பழசைக் கழட்டி மீட்டர்ல பாருங்க.

வயல்காரன், திருத்துறைப்பூண்டி
பார்த்தேன் அண்ணே. காந்தத்தைக் காட்டினால் 40 ஓம், சுண்டினால் 3, மறுபடி 25. புதிதில் மீட்டர் கம்பியின் சொந்த ஓம் மட்டும்தான் காட்டுகிறது. பையனுடைய பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, மடக்கிய முனையில் மீன் செதில் மாதிரி ஒரு வெட்டு. வெறும் கண்ணுக்குத் தெரியவே இல்லை. குழாயை ஒரு சைஸ் பெரிதாக மாற்றி, கம்பியை நீளமாகவே விட்டுப் பூட்டிவிட்டேன். நேற்று ராத்திரி முழுக்கக் கொட்டிய மழையில் தட்டாமலே இரண்டு முறை ஓடியது. டையோடு மீட்டரில் 0.6 வோல்ட் காட்டுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது, அதைத் தொடவில்லை.